புத்தூரில் வரையத் தெரிந்த பிள்ளை எங்கே போய்ப் படிக்கும்?

புத்தூர், நகரி, நாராயணவனம் பக்கத்தில் இண்டர் முடித்த ஒரு பிள்ளைக்கு வரைகிற கை வாய்த்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொறியியல் படிக்க வேண்டுமென்றால் ஊரைச் சுற்றிலும் கல்லூரிகள் இருக்கின்றன. ஓவியம் படிக்க வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது என்பதே வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஓவியம், கோட்டோவியம், அச்சோவியம் மூன்றையும் பல்கலைக்கழகத்தில் பட்டமாகப் படிப்பது என்றால் என்ன, அதை எங்கே படிக்கலாம், படித்தவருக்கு என்ன மிஞ்சுகிறது என்ற கேள்விகளைச் சென்னையிலோ பரோடாவிலோ உட்கார்ந்து ஆராய்ந்தவர்கள் உண்டு. புத்தூரிலிருந்து பார்த்தால் அதே கேள்விகள் வேறு மாதிரி தெரிகின்றன. காரணம், இந்த மண்ணிலிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குள் துணியில் வரையும் உலகப் புகழ்பெற்ற மரபு ஒன்று உயிரோடிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய அச்சோவியர்களுள் ஒருவர் பிறந்த கிராமமும் இந்தச் சித்தூர் சீமையில்தான் இருக்கிறது. இருந்தும் இங்கே ஒரு பிள்ளை அச்சோவியம் கற்க மாநில எல்லையைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

எல்லை என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது இது சென்னை மாகாணத்தின் பகுதி. புத்தூரிலிருந்து திருத்தணி வழியாகச் சென்னை நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ரயிலேறினால் அரக்கோணம் வழியாகப் போய்விடலாம். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் இருந்த கலைப்பள்ளி அப்போது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொந்த மாகாணத்துப் பள்ளி. 1953-ல் ஆந்திரம் பிரிந்தது. 1960-ல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போக, புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. அதற்கு முன்பே, 1956-ல், ஹைதராபாத் தலைநகரமாகியிருந்தது. அங்கே 2008-ல் ஜவஹர்லால் நேரு கட்டடக்கலை, நுண்கலைப் பல்கலைக்கழகம் வந்தது. 2014-ல் தெலங்கானா பிரிந்ததும் அதுவும் அடுத்த மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. ஆக ஒரே ஊர், இருந்த இடத்தை விட்டு அசையாமலே, இரண்டு கலைக்கல்வி மையங்களை இழந்திருக்கிறது. 2020-ல் கடப்பையில் ஆந்திர அரசு தொடங்கிய கட்டடக்கலை, நுண்கலைப் பல்கலைக்கழகம் இந்தக் குறையைத் தீர்க்க வந்த முயற்சி. அது வளர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஒரு கலைக்கல்லூரி வளர்வது கட்டடத்தால் அல்ல. எதனால் என்பதைப் பழைய பள்ளிகளின் கதை காட்டும்.

சென்னைக் கலைப்பள்ளியை 1850-ல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர் ஒரு மருத்துவர். அவருடைய பள்ளியில் வரைதலும் செதுக்கச்சும் மண்பாண்ட வேலையும் சேர்ந்தே நடந்தன. கைத்தொழிலுக்கு வரைபடம் வேண்டும், வரைபடத்துக்கு அச்சு வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆங்கிலேயர் ஆட்சியின் வணிகத் தேவைதான் அதற்குப் பின்னால் இருந்தது, மறுப்பதற்கில்லை. அந்தப் பள்ளியில்தான் 1898 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். நம் வீட்டு அலுமினியக் குண்டானின் ஒரு வேர் ஓவியப் பள்ளியில் இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1929-ல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல் இந்தியத் தலைமையாகப் பொறுப்பேற்ற பிறகு பட்டறை வாசனை குறைந்து, உருவம் வரைதலும் சிற்பமும் முன்னுக்கு வந்தன. சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் கைவேலை. 1957-ல் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார். மேற்கத்திய எண்ணெய் வண்ணப் பாணியை நகலெடுப்பதை விட்டு, தெற்கின் கோட்டைத் தேடுங்கள் என்று மாணவர்களைத் திருப்பியவர் அவர். அவர் காலத்து மாணவர்களிடம் கோடு தனிக் கலையாக நிமிர்ந்தது. கீராம்பூரில் பிறந்த கே.எம். ஆதிமூலம் காந்தி நூற்றாண்டான 1969-ல் காட்சிக்கு வைத்த காந்தி கோட்டோவியங்கள் அதற்கு நல்ல சான்று. பேனாவும் கறுப்பு மையும் போதும், நிறம் வேண்டாம் என்று ஒரு முழு வரிசை. தமிழ்ச் சிற்றிதழ்கள் அந்தக் கோட்டைத் தங்கள் அட்டையிலும் பக்கங்களிலும் ஏந்திக்கொண்டன. வேறெந்த இந்திய மொழியிலும் இவ்வளவு நெருக்கமாக ஓவியனும் கவிஞனும் ஒரே தாளைப் பகிர்ந்துகொண்டார்களா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

பணிக்கர் சந்தித்த இன்னொரு கேள்விதான் இன்றும் மாணவர்களைத் துரத்துகிறது: படித்து முடித்தபின் சோறு? அதற்கு அவர் கண்ட வழி 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் அமைந்த சோழமண்டல ஓவியர் கிராமம். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்த வருவாயில் நிலம் வாங்கி, ஓவியர்களே வீடு கட்டிக்கொண்டார்கள். இன்னொரு பக்கம், 1950-களில் தொடங்கிய நெசவாளர் சேவை மையங்கள் ஓவியப் பட்டதாரிகளுக்கு மாதச் சம்பளம் கொடுத்தன. ஆதிமூலமும் எம். ரெட்டெப்ப நாயுடுவும் அங்கே வேலை பார்த்தவர்கள். புடவைக் கரைக்கு வடிவமைத்த கைகளே மாலையில் கான்வாஸின் முன் நின்றன. நகரி, புத்தூர் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு இது கவனிக்க வேண்டிய செய்தி.

சாந்திநிகேதனத்தில் 1919-ல் எழுந்த கலாபவனம் வேறு பாதையில் போனது. நந்தலால் போஸ் மாணவர்களை மரத்தையும் எருமையையும் பார்த்து வரையச் சொன்னார். சுவரோவியம், லினோ செதுக்கு, தையல் வடிவம் எல்லாம் ஒரே கூரைக்கீழ் நடந்தன. 1930-ல் தண்டி யாத்திரையை ஒட்டி அவர் செதுக்கிய காந்தியின் லினோ அச்சை நினைத்துப் பாருங்கள். கோலூன்றி நடக்கும் ஓர் உருவம், கறுப்புப் பின்னணியில் சில வெள்ளைக் கோடுகள். ஓவியமாக ஒரே ஒரு பிரதி மட்டும் இருந்திருந்தால் அது ஏதோவொரு சுவரில் மாட்டப்பட்டிருக்கும். அச்சானதால் நாட்டுக்கே பொதுவானது. அச்சோவியம் ஏன் தனிப் பாடமாக இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் பரோடாவில் தொடங்கிய நுண்கலைப் புலம்தான் ஓவியத்தைப் பல்கலைக்கழகப் பட்டமாக்கியதில் முன்னோடி. அதுவரை கலைப்பள்ளிகள் கொடுத்தது டிப்ளமோ. பட்டம் என்றதும் கலை வரலாறும் அழகியலும் தேர்வுத் தாள்களாக உள்ளே வந்தன. அங்கே நெடுங்காலம் கற்பித்த கே.ஜி. சுப்பிரமணியன் கேரளத்தில் பிறந்த தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தவர் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை போய், பிறகு கலாபவனத்துக்கு வந்து சேர்ந்தவர். பல்கலைக்கழக ஓவியனும் கிராமத்துக் கைவினைஞனும் ஒரே மொழியின் இரண்டு வழக்குகளைப் பேசுகிறவர்கள் என்பதை வாழ்நாள் முழுவதும் எழுத்தாலும் செயலாலும் வலியுறுத்தினார். மாணவர்கள் பொம்மை செய்து விற்கும் நுண்கலைத் திருவிழாவைப் பரோடாவில் வளர்த்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

சுப்பிரமணியன் கலாபவனத்தில் படித்த 1940-களில் அங்கே இருந்த இன்னொரு மாணவர் நம் ஊர்க்காரர். சித்தூருக்கு அருகே நந்தனூரில் 1925-ல் பிறந்த கிருஷ்ணா ரெட்டி. மதனப்பள்ளிப் பக்கத்து ரிஷிவேலி பள்ளியில் படித்து, அங்கிருந்து நந்தலால் போஸிடம் போய்ச் சேர்ந்தவர். வங்கப் பஞ்சத்தையும் நாட்டின் விடுதலைப் போராட்டத்தையும் மாணவராகவே பார்த்தார். 1947 முதல் 1949 வரை சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவை நடத்தினார். பிறகு லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளி, பாரிஸில் ஒசிப் ஜாட்கினிடம் சிற்பம், கடைசியாக ஸ்டான்லி வில்லியம் ஹேய்ட்டர் நடத்திய அத்தலியே 17 என்ற அச்சுப் பட்டறை. அங்கேதான் அவர் வாழ்க்கை திரும்பியது.

அத்தலியே 17 பல்கலைக்கழகம் அல்ல. அங்கே பாடத்திட்டமும் பட்டமும் கிடையாது. ஓர் அச்சு எந்திரம், அமிலத் தொட்டிகள், மை அரைக்கும் பலகைகள், பல நாட்டிலிருந்து வந்த கலைஞர்கள், அவ்வளவுதான். யாராவது ஒன்றைக் கண்டுபிடித்தால் மறுநாளே அனைவருக்கும் தெரிந்துவிடும். பம்பாயிலிருந்து வந்த கைக்கோ மோத்தியும் கிருஷ்ணா ரெட்டியும் ஹேய்ட்டரும் மற்றவர்களும் அப்படிச் சேர்ந்து முயன்றதில் பிறந்ததுதான் ஒரே தகட்டில் பல நிறம் அச்சிடும் பாகுநிலை முறை. அதுவரை வண்ண அச்சுக்கு நிறத்துக்கு ஒரு தகடு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகாமல் பொருத்தி அழுத்த வேண்டும். இவர்கள் கவனித்தது மையின் குணத்தை. ஆளிவிதை எண்ணெய் கூடுதலாகச் சேர்த்தால் மை இளகும், குறைத்தால் கெட்டியாகப் பிசுபிசுக்கும். தகட்டை வெவ்வேறு ஆழத்தில் குடைந்து, பள்ளக் கோடுகளில் ஒரு மையைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, எண்ணெய் மிகுந்த மையைக் கடினமான உருளையால் மேட்டில் மட்டும் ஏற்றுவார்கள். அடுத்து கெட்டி மையை மெத்தென்ற உருளையால் அழுத்தி உருட்டினால் அது பள்ளத்துக்குள் இறங்கும். மேட்டில் ஏற்கெனவே இருக்கும் எண்ணெய் மை அதைத் தன்மேல் ஒட்டவிடாது. இப்படி ஏற்றிய தகட்டின்மேல் ஈரத்தாளை வைத்து ஒரே ஒருமுறை எந்திரத்தில் விட்டால் எல்லா நிறமும் ஒன்றாக இறங்கிவிடும்.

சிற்பியாகப் பயின்றவர் என்பதால் கிருஷ்ணா ரெட்டி தகட்டைத் தாளாகப் பார்க்கவில்லை, குடைந்தெடுக்க வேண்டிய சிற்பமாகப் பார்த்தார். 1963-ல் அவர் செய்த 'வேர்ல்பூல்' என்ற நீர்ச்சுழியில் நீலமும் பச்சையும் சுழன்று உள்ளே போவது தகட்டின் ஆழம் செய்யும் வேலை. 1968-ல் பாரிஸ் மாணவர் கிளர்ச்சியின்போது 'டெமான்ஸ்ட்ரேட்டர்ஸ்' வந்தது. பின்னாளில் கோமாளி வரிசை. 1972-ல் பத்மஸ்ரீ. 1970-களின் பிற்பகுதியிலிருந்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அச்சோவியப் பிரிவுக்குத் தலைமை ஏற்று, பல பத்தாண்டுகள் கற்பித்து, 2018 ஆகஸ்டில் நியூயார்க்கில் மறைந்தார். தம் முறையை மறைத்து வைக்காமல் 1988-ல் முழு நூலாகவே எழுதிக்கொடுத்தார். பட்டமில்லாத பட்டறையில் கண்டுபிடித்ததைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்ப் பாடமாக்கியவர் என்று அவரைச் சொல்லலாம். அதனால்தான் பல்கலைக்கழகக் கலைக்கல்வி பற்றிய எந்த ஆய்விலும் அவர் பெயர் நடுவில் வர வேண்டும் என்கிறேன். புத்தூர்ப் பள்ளிகளில் அவர் பெயரைச் சொல்லித்தரும் பாடம் ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

திருப்பதிக்குக் கிழக்கே சுமார் 36 கிலோமீட்டரில் காளத்தி. அங்கே சொர்ணமுகிக் கரையில் நடக்கும் கலம்காரியை நம் கல்லூரிகள் கைவினை என்று ஒதுக்கிவைக்கின்றன. அதன் வேலைமுறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் அந்த ஒதுக்கல் எவ்வளவு தவறு என்று புரியும். காடாத் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு இருப்பதால் மை துணியில் பரவாது. புளியங்குச்சிக் கரியால் உருவத்தை லேசாகக் கோடிட்டுக்கொள்வார்கள். மூங்கில் குச்சியின் நுனியைக் கூராக்கி, சற்று மேலே கம்பளி அல்லது துணியைச் சுற்றி நூலால் கட்டினால் அதுதான் கலம். விரலால் அழுத்தும் அளவுக்கு மை இறங்கும். கறுப்பு மை என்பது இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் வாரக்கணக்கில் புளிக்கவைத்து எடுக்கும் நீர். அது கலத்திலிருந்து இறங்கும்போது வெளிறியிருக்கும், துணியிலுள்ள கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்த கணமே கறுக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் நிறத்தைப் பூசுவதில்லை, படிகார நீரைப் பூசுவார்கள். பிறகு துணியைச் சாயவேரோடு கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும், மற்ற இடம் அலசலில் போய்விடும். ஓடும் தண்ணீரில் அலச வேண்டும், வெயிலில் காயவைக்க வேண்டும், மறுபடி பால் ஊற்ற வேண்டும். மஞ்சள், நீலம், மஞ்சள்மேல் நீலம் ஏறிய பச்சை எல்லாம் அதற்கப்புறம்.

எண்ணெய் ஒட்டவிடாத இடத்தில் மை ஏறாது என்று பாரிஸில் கண்டதும், படிகாரம் படாத இடத்தில் சிவப்பு ஏறாது என்று காளத்தியில் தெரிந்திருப்பதும் ஒரே வகை அறிவு. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. கையின் திறமையோடு பொருளின் குணத்தையும் படித்து, நிறத்தைத் தானே போய் உட்காரச் செய்யும் அறிவு இரண்டிலும் இருக்கிறது என்கிறேன். ஒன்றுக்கு நியூயார்க்கில் பேராசிரியர் பதவி கிடைத்தது. மற்றொன்றைச் செய்கிறவர் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பம்கூடப் போட முடியாது, ஏனென்றால் அவரிடம் முதுகலைப் பட்டம் இல்லை.

இந்த அறிவின் மதிப்பு வெளியாருக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. சோழமண்டலக் கரையின் வண்ணத் துணி தங்கள் நெசவாளரை அழித்துவிடும் என்று பயந்து இங்கிலாந்து 1700-லும் 1721-லும் தடைச் சட்டம் போட்டது. 1742-ல் இந்தக் கரையில் பணியாற்றிய கேர்தூ என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார், துணியில் வரைபவர்களிடம் ஒவ்வொரு படியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஐரோப்பாவுக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார். கடுக்காயும் பாலும் படிகாரமும் அதில் வரிசையாக இருந்தன. ஐரோப்பியச் சாயப்பட்டறைகள் படித்துப் பயன்படுத்திக்கொண்ட பாடநூல் அது. இங்கே அந்த அறிவை வைத்திருந்த குடும்பங்களோ இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதைக் கைவிடும் நிலைக்கு வந்தன. 1957-ல் கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் காளத்தியில் பயிற்சி மையம் திறக்கப்பட்டபின்தான் மரபு மீண்டது. அந்த மீட்சியோடு வளர்ந்தவர்களில் ஜொன்னலகட்ட குரப்ப செட்டி 2008-ல் பத்மஸ்ரீ பெற்றார். பயிற்சி மையம் வந்ததால் சாதிக்கும் குடும்பத்துக்கும் வெளியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இன்று காளத்தியில் கலம் பிடிக்கும் பெண்கள் நிறையப் பேர். குலவித்தை பொதுவித்தையானது இங்கே ஒரு கல்விச் சாதனை. ஆனால் அதை அப்படி எண்ணிப் பாராட்டுவார் குறைவு.

திருப்பதியிலேயே இன்னொரு வழியும் இருக்கிறது. தேவஸ்தானம் நடத்தும் பாரம்பரியச் சிற்ப, கட்டடக்கலை நிறுவனத்தில் கோயில் கட்டடக்கலை, கல், சுதை, உலோகம், மரச் சிற்பங்களோடு மரபோவியத்துக்கும் நான்காண்டு டிப்ளமோ உண்டு. கலம்காரிக்கு இரண்டாண்டுச் சான்றிதழ் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்தால் சேரலாம். சேரும் மாணவர் பெயரில் தேவஸ்தானம் வங்கியில் ஒரு லட்சம் ரூபாய் போட்டுவைத்து, முடித்துப் போகும்போது தொழில் தொடங்கக் கொடுக்கிறது. நாட்டின் பெரிய கலைக்கல்லூரிகள் எதுவும் யோசிக்காத ஒரு நல்ல ஏற்பாடு என்றே இதைச் சொல்வேன். தமிழ்நாட்டில் மாமல்லபுரம் அரசுக் கல்லூரி 1957 முதல் இதே வகைக் கல்வியைத் தருகிறது, பட்டமாகவும் தருகிறது. இந்த நிறுவனங்களின் குறை வேறு. தாலமானம் என்ற உருவ அளவு முறையும் தியான சுலோகமும் கற்ற மாணவருக்குத் தன் தெருவை வரையச் சொல்லித் தரப்படுவதில்லை. பல்கலைக்கழக நுண்கலைத் துறையில் தெருவை வரையலாம், தன் கோபத்தையும் வரையலாம். ஆனால் ஒரு நிறம் ஏன் வெளுக்கிறது, ஒரு சுவர் ஏன் பொருக்கு விடுகிறது என்பதெல்லாம் தெரியாமலேயே பட்டம் வாங்கிவிட முடியும். இரண்டு வகைப் பள்ளியும் பாதிப் பாதியாகக் கற்பிக்கின்றன. ஒரே நகரத்தில் இருந்தாலும் ஒன்றின் மாணவர் இன்னொன்றின் வாசலை மிதிப்பதில்லை.

மூன்று பாடங்களில் அதிகம் அடிபட்டிருப்பது அச்சோவியம். ஓவியத் துறைக்கு ஈசலும் வெளிச்சமும் இருந்தால் ஓடிவிடும். அச்சுக்கு எந்திரம் வேண்டும், செப்பு அல்லது துத்தநாகத் தகடு வேண்டும், நைட்ரிக் அமிலத்தின் புகையை வெளியேற்ற ஒழுங்கான காற்றுப்போக்கு வேண்டும், எந்திரத்தைத் தெரிந்த உதவியாளர் வேண்டும். கல்லச்சுக்கு வேண்டிய நல்ல சுண்ணாம்புக் கல் பவேரியாவிலிருந்து வந்தது. ஒவ்வொரு முறை படத்தை அழித்து வழவழப்பாக்கும்போதும் கல் தேயும், புதிய கல் வாங்க யாரும் பணம் ஒதுக்குவதில்லை. உதவியாளர் ஓய்வு பெற்றால் அந்தப் பணியிடம் காலியாகவே கிடக்கும், அதோடு பாதி அறிவும் போகும். கடைசியில் லினோவும் மரச்செதுக்கும் மட்டும் மிஞ்சி, பாடத்திட்டத்தில் எச்சிங், லித்தோ என்ற பெயர்கள் காகிதத்தில் நிற்கும். சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்திலிருக்கும் அச்சுப் பட்டறை இந்த இடத்தில் பெரிய ஆறுதல். கல்லூரியை விட்டு வெளியே வந்தவர்கள் எந்திரத்தைத் தொட அதுபோல ஓர் இடம் இருந்தால்தான் முடியும். தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் அமெரிக்காவின் டாமரிண்ட் நிறுவனம் வரை போய் கல்லச்சைக் கற்றுவந்து, பறத்தலையும் வரைபடக் கோடுகளையும் அச்சில் புதுமொழியாக்கினார். பொதுப் பட்டறைகள் இல்லாத ஊரில் இப்படி ஒருவர் உருவாவது கடினம்.

அச்சு என்றால் நம் வீடுகளுக்கு நாள்காட்டிப் படமும்தான். கோவில்பட்டியில் இருந்து தென்னாட்டுப் பூசையறைகளுக்கெல்லாம் முருகனையும் லட்சுமியையும் வரைந்துகொடுத்த சி. கொண்டைய ராஜு சென்னைக் கலைப்பள்ளியில் படித்தவர். சிவகாசி எந்திரங்கள் அவர் படங்களை எண்ணற்ற வீடுகளில் சேர்த்தன. மலையேறும் பக்தர்கள் திருப்பதியிலிருந்து வாங்கிப்போன வெங்கடேசர் படங்களுக்கும் நீண்ட வரலாறு உண்டு. ஒரு கலைப்பள்ளி மாணவரின் கோடு இவ்வளவு பேரைச் சென்றடைந்த வேறு வழியைக் காட்ட முடியுமா? ஆனாலும் கலை வரலாற்றுத் தாள்களில் இதற்கு ஒரு வாரம்கூட ஒதுக்குவதில்லை. புத்தூரிலிருந்து போகும் மாணவர் தன் வீட்டுச் சுவரில் பார்த்துப் பழகிய படங்களைப் பற்றிப் பேச வெட்கப்படுகிறார். அந்த வெட்கத்தைக் கல்லூரிதான் கற்றுக்கொடுக்கிறது.

வரைதலைப் பற்றிக் கவலை வேறு வகையானது. நுழைவுத் தேர்வில் பானையும் வாழைப்பழமும் மடிப்புத் துணியும் வரையச் சொல்கிறார்கள், பயிற்சி மையங்கள் அதற்கென்றே வார்ப்பாக வரையப் பழக்குகின்றன. உள்ளே வந்தபின் முதலாண்டோடு கோட்டுப் பயிற்சி தேய்ந்து, செல்பேசிப் படத்தைப் பார்த்து வண்ணம் தீட்டுவது தொடங்கிவிடும். திரையில் வரையும் கருவிகளை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அசைபடத் துறையில் வேலை கிடைப்பது அவற்றால்தான். நாள்தோறும் ரயில் நிலையத்திலும் சந்தையிலும் உட்கார்ந்து ஆட்களைப் பார்த்து வரைந்த பழக்கம் இல்லாதவருக்குத் திரைக் கருவியும் உதவாது, அவ்வளவுதான். காளத்தியில் புதிதாகச் சேர்ந்தவர் மாதக்கணக்கில் கரியால் கைகளையும் கண்களையும் முகங்களையுமே போட்டுப் பழகுகிறார். பல்கலைக்கழகத்தில் அந்தப் பொறுமைக்குப் பருவத் தேர்வு இடம் கொடுப்பதில்லை.

மொழியும் ஒரு தடைதான். புத்தூர்ப் பிள்ளை வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கு எழுதி, கல்லூரியில் அழகியலை ஆங்கிலத்தில் படிக்கிறது. கையால் சரியாகச் செய்துவிட்டதைத் தாளில் எழுதத் தெரியாமல் மதிப்பெண் இழக்கிறது. தமிழிலோ தெலுங்கிலோ அச்சோவிய முறைகளை விளக்கும் கையேடுகள் மிகவும் குறைவு. கிருஷ்ணா ரெட்டியின் நூலைத் தெலுங்கிலும் தமிழிலும் கொண்டுவருவது ஏதேனும் ஒரு பல்கலைக்கழகப் பதிப்புத் துறை செய்ய வேண்டிய முதல் வேலை.

வேலை விஷயத்தில் உண்மையை மறைக்கக் கூடாது. ஓவியப் பட்டதாரிக்குப் பள்ளி ஓவிய ஆசிரியர் பணிதான் பெரிய நம்பிக்கையாக இருந்தது. அந்த நிலம் சுருங்கிவிட்டது. தமிழ்நாட்டில் 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தபோது மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பின்னர் கூட்டினாலும் பணி நிரந்தரத்துக்காக அவர்கள் தெருவில் நிற்பது ஓயவில்லை. சினிமாக் கலைத் துறை, விளம்பரம், அசைபடம், துணி வடிவமைப்பு, அருங்காட்சியகப் பராமரிப்பு என்று மற்ற வழிகள் இருக்கின்றன. இவற்றுள் எதிலும் பட்டத்தைக் காட்டி உள்ளே போவது அரிது, செய்துவைத்த வேலைகளைக் காட்டித்தான் போக முடியும். அதனால் மகளையோ மகனையோ கலைக்கல்லூரிக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் கல்லூரியின் தரவரிசையைக் கேட்பதைவிட அங்கே பட்டறை மாலை எத்தனை மணி வரை திறந்திருக்கும், அச்சு எந்திரம் ஓடுகிறதா, இறுதியாண்டு மாணவர் கையில் எத்தனை முடித்த வேலைகள் இருக்கின்றன என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இந்த மூன்றுக்கும் கிடைக்கும் பதிலில் நான்கு வருடமும் தெரிந்துவிடும். பட்டம் கொடுக்கும் எந்த ஊரிலும் புத்தகம் வாங்கிப் படிக்கலாம், படங்களைத் திரையில் பார்க்கலாம். தனியாக வாங்கிக்கொள்ள முடியாதது அமிலத் தொட்டியும் எந்திரமும் பக்கத்தில் நின்று தவறு செய்யும் இன்னும் பத்துப் பேரும்தான். அதைத் தராத கல்லூரிக்குக் கட்டணம் கட்டுவதில் பொருளில்லை.

சட்ட வழி இப்போது கொஞ்சம் திறந்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, முறையான பட்டம் இல்லாவிட்டாலும் துறையில் தேர்ந்தவர்களை, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மிகாமல், செயல்முறைப் பேராசிரியர்களாக நியமிக்கலாம். அடுத்த ஆண்டே கலைஞர்களையும் கைவினைஞர்களையும் கல்வி நிறுவனங்களில் தங்கிக் கற்பிக்க அழைக்கும் வழிகாட்டுதலும் வந்தது. திருப்பதி கல்வி நகரம், பல்கலைக்கழகங்கள் பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்று நான்காண்டு நுண்கலைப் பட்டத்தில் ஒரு பருவம் முழுவதையும் காளத்தியில் நடத்தலாம். மாணவர்கள் அங்கே தங்கித் துணி ஊறவைப்பதிலிருந்து அலசுவதுவரை செய்ய, அதற்கு எண்ணெய் வண்ணத் தாளுக்குச் சமமான மதிப்பெண் கொடுக்கலாம். கற்பிக்கும் கலம்காரிக் கலைஞருக்குக் கௌரவ ஊதியம் என்று சில்லறை நீட்டாமல் பேராசிரியர் பெயரும் சம்பளமும் கொடுக்க வேண்டும். திரும்பி வரும் மாணவருக்குத் திருப்பதியிலேயே ஓர் எச்சிங் எந்திரம், இரண்டு உருளைகள், செப்புத் தகடு, விடுமுறையிலும் பூட்டாத ஓர் அறை இருக்க வேண்டும். நந்தனூர்க்காரரின் பெயரை அந்த அறைக்கு வைப்பதற்கு அரசாணைகூடத் தேவையில்லை.